பட்டியலின் இரண்டாவது தாள்

வேங்கிக்கால் தாண்டியிருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் குசுமாவதி பதினேழு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறாள். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் ஆசிரியர் அறையில் அவளுக்கு வேண்டியவர்கள் கம்மி.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் போட்ட மதிப்பெண் பட்டியலை முதல்வர் ராஜேந்திரன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஐந்துக்கு எத்தனை என்று பேரோடு இருந்தது. முதலில் 4.8 வாங்கிய அருள்ராஜ்; அவனும் புள்ளியியல்தான். கடைசியில், சிவப்பு எழுத்தில், 1.9 வாங்கிய குசுமாவதி. மதியத்துக்குள் அது அறிவிப்புப் பலகையிலும் ஏறிவிட்டது.

"மேடம், பசங்க உங்களையே ஃபெயில் ஆக்கிட்டாங்க போல," என்றான் அருள்ராஜ். நாலு பேர் சிரித்தார்கள். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து முதல்வரிடம் போனாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பசங்க சொன்னத நான் மாத்த முடியாது. நீங்கதான் மாறணும்."

வீட்டுக்கு வந்து, குழுவில் முதல்வர் போட்ட பட்டியல் கோப்பைத் திறந்தாள். உள்ளே இரண்டாவது தாள் ஒன்று இருந்தது. எத்தனை பேர் பதில் போட்டார்கள், என்ன எழுதினார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் கிடந்தது. கருத்துக் கேட்டதே பௌர்ணமியன்று. கிரிவலக் கூட்டத்தில் அன்று கல்லூரிப் பேருந்துகளே ஓடவில்லை. அவளுடைய ஐம்பத்தெட்டு மாணவர்களில் பதில் போட்டவர்கள் பத்துப் பேர். அருள்ராஜுக்கு ஐந்தே பேர்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொருவர் பேருக்கும் எதிரே அந்த எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதினாள்.

"இத வெச்சி யாரையும் தரம் பிரிக்க முடியாது சார். எடுத்துடுங்க."

"கடைசியா வந்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க," என்றான் அருள்ராஜ்.

"நானே மொதல்ல வந்திருந்தாலும் அஞ்சு பேரு அஞ்சு பேருதான்."

முதல்வரின் முகம் கறுத்தது. "உக்காருங்க மேடம். என்னை அசிங்கப்படுத்தணும்னே வந்தீங்களா?"

மூன்றாம் நாள் பட்டியல் பலகையில் இல்லை. யாரும் வருத்தம் தெரிவிக்கவுமில்லை. அவளிடமிருந்த முதுகலை வகுப்புகள் அருள்ராஜுக்குப் போயின. அவள் உள்ளே நுழைந்தால் அறையில் பேச்சு நின்றுவிடும்.

மாணவர்கள் எழுதியதை அந்த வாரக் கடைசியில்தான் படித்தாள். பாதி வசவு. ஆனால் இரண்டு பேர், 'போர்டைப் பாத்தே பேசறாங்க, பின்னாடி கேக்கல' என்று எழுதியிருந்தார்கள். அதுதான் அவளைச் சுட்டது.

அடுத்த வகுப்பில் திரும்பி நின்று கேட்டாள்: "பின்னாடி கேக்குதா?"

முன் வரிசை மட்டும் தலையாட்டியது.

"கேக்கலன்னா இப்பவே சொல்லுங்க."

"கேக்கல மேடம்," என்றாள் கடைசி வரிசையில் ஒரு பெண், வெடுக்கென்று.

குசுமாவதி சாக்பீஸை வைத்துவிட்டு அந்த வரிசைக்கே போய் நின்று பாடத்தைத் தொடங்கினாள். அவள் முகத்திலும் அந்தப் பெண் முகத்திலும் சிரிப்பில்லை.