அண்ணியின் தொண்டையில் நின்ற சோறு

என் கல்யாண வீடியோ கேசட்டில் அண்ணி இரண்டு பேராக இருப்பாள். காலை முகூர்த்தத்தில் கலகலவென்று ஓடியாடுகிறவள், மாலை வரவேற்பில் பாதி மூடிய கண்ணும் கோணிய சிரிப்புமாக நிற்பாள். பந்தியில் இலையைத் தொடவுமில்லை. நாத்தனாருக்கு நல்ல இடம் அமைந்ததில் வயிற்றெரிச்சல் என்று ஆரணிச் சொந்தங்கள் முடிவு கட்டின. நானும் நம்பினேன். அந்த வருடம் முழுக்க யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கேசட்டைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தியும் காட்டினேன். அவ்வளவு நல்லவள் நான்.

அடுத்த வருடம் ஆரணியில் அம்மா வீட்டில் எனக்கு வளைகாப்பு. விடியற்காலையிலிருந்து ஐந்து வகைச் சாதமும் அண்ணியே கிளறினாள். சாயங்காலம் எல்லோரும் போன பின், சாப்பிடாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். "என் விசேஷத்துச் சோறு இப்பவும் எறங்காதா அண்ணி?" என்று புளிச்சாதத்தை உருட்டி அவள் வாயில் திணித்தேன். மென்றாள், பாதியில் தாடை நின்றுவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். மூக்கு வழியாக வந்தது. கழுத்து முன்னால் தொங்கியது, கத்தக்கூட அவளுக்குக் குரல் எழவில்லை. அண்ணன் விரலை விட்டுச் சோற்றை வழித்தெடுத்தார். நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

வேலூரில் டாக்டர் அவளை மேலே மின்விசிறியையே ஒரு நிமிடம் பார்க்கச் சொன்னார். இமைகள் தாமாக இறங்கின. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியை இடையில் தடுக்கிறது. உழைக்க உழைக்கப் பலம் வடியும், ஓய்வெடுத்தால் திரும்பும் என்றார். காலையில் வீட்டுப் பட்டுத்தறியில் அண்ணனை மிஞ்சுகிற கை, மாலையில் ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளாமல் மடியில் கிடந்ததற்கு அதுதான் காரணம். அதற்கு முன்பே யாருக்கும் சொல்லாமல் இரண்டு டாக்டர்களைப் பார்த்திருக்கிறாள். காலை பஸ்ஸில் போய்த் தெளிந்த முகத்தோடு நின்றவளுக்குச் சத்து மாத்திரைதான் கிடைத்தது. "உங்ககிட்ட சொன்னா வேலைக்கு டிமிக்கி குடுக்கறேன்னு நெனைப்பீங்க" என்றாள். நினைத்திருப்போம். மூச்சு விடுகிற தசைக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொன்னது மட்டும் எனக்குள் பயமாகத் தங்கிவிட்டது.

மாத்திரை போட்டு அரை மணி கழித்துத்தான் அவளுக்குச் சாப்பாடு. பத்து வருடமாகிறது, நன்றாகவே இருக்கிறாள். ஆனாலும் ஆரணிக்குப் போனால், மத்தியானம் அவள் கண்ணயரும்போது கதவோரம் நின்று அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். போன மாதம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்ன பாத்துகினு நிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"மூச்சு தானே? நானும் அதைத்தான் பாத்துகினு படுத்திருக்கேன். வா, பக்கத்துல உக்காரு. நீ பாத்துகினு இருந்தா நான் கொஞ்சம் தூங்குவேன்."