முப்பது ராத்தல் வில்

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப் கிளப்பின் குடியரசு தின விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கென்று எலுமிச்சைப்பழமும் கரண்டியும், மியூசிக்கல் சேரும் வைத்திருந்தார்கள். போட்டிக்குச் சில மாதம் இருக்கும்போதே நான் வில்வித்தைக்குப் பெயர் கொடுக்கப் போனேன். கிளப் செயலாளர் சிரித்தார். "வில்லோட இழுவை, அதான் நாணை முழுசா இழுக்கத் தேவைப்படுற பலம், முப்பது ராத்தலாவது இருக்கணும்மா. அப்படி ஒரு வில்லோட வாங்க, பேரை எழுதிக்கிறேன்" என்றார். கிளப் வில்களை ஆண்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வில்லோடேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என் அப்பா தென்காசிப் பக்கம் தச்சர். வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு வில் செய்து கொடுத்தவர். மரம் எப்படி வளையும் என்பது வேடிக்கை பார்த்தே எனக்குத் தெரியும். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது என் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் ஓர் அரமும் உளியும் இருந்தன. ஊருக்குப் போனபோது வில்லுக்கென்றே தேடி எடுக்கும் தடசு மரத்தில், நன்றாகக் காய்ந்த துண்டு ஒன்றை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தேன். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் உட்கார்ந்து செதுக்கினேன். கிளப் வில்லில் பார்த்ததுபோல, இரண்டு நுனிகளையும் வெந்நீர் அண்டாவின் ஆவியில் வாட்டி, முன்பக்கமாக வளைத்துக் கட்டி ஆறவிட்டேன்.

அதுவரை சுலபம். அதன் பிறகுதான் உயிரை வாங்கும் வேலை. வில்லைச் சுவரில் ஆணிமேல் மாட்டி, நாணைக் கீழே இழுத்துப் பார்த்து, எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைய வேண்டும். சுரண்டச் சுரண்ட இழுவை குறையும். குறைந்தால் குறைந்ததுதான், சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இழுவையை அளக்க வடலூர் இரும்புக்கடையில் ஒரு கொக்கித் தராசு வாங்கினேன். அப்போதுதான் கிலோ வந்திருந்தது, தராசும் கிலோவில்தான் காட்டியது. ராத்தலுக்கு எப்படிக் கணக்கு என்று கேட்டேன். "கிலோவுக்கு ரெண்டு ராத்தல்னு வச்சிக்கினு போங்கம்மா, எல்லாரும் அப்டித்தான்" என்றார் கடைக்காரர். ஆக, எனக்கு வேண்டியது பதினைந்து கிலோ.

நாணை முழு அளவுக்குக் கீழே இழுக்கும்போது தராசு முள் பதினைந்தில் நின்றதும் சுரண்டுவதை நிறுத்தினேன். ஆனால் கையில் எடுத்து இழுத்தால் நாண் பாதிக்கு மேல் வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சொரண்டுளா. கிளப்காரன் என்ன தராசா வச்சுக்கிட்டு நிக்கப்போறான்?" என்றார்.

"வச்சிருந்தா? பொம்பளைன்னு கொறச்சு எடுத்துட்டு வந்துட்டான்னு சிரிப்பாங்க. மரத்தைக் கொறைக்க மாட்டேன். என் கையைத் தேத்திக்கிடுதேன்."

உலை கொதிக்கும் நேரமெல்லாம் இழுத்தேன். துணி காயப்போட வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தோள்பட்டை வீங்கி, வற்றி, கடைசியில் நாண் என் முகவாய்க்கு வந்து சேர்ந்தது.

கிளப்பில் தராசு இருந்தது, ராத்தல் போட்ட பழைய தராசு. செயலாளர் வில்லை மாட்டி இழுத்து அளந்தார். முள் முப்பதைத் தாண்டி முப்பத்து மூன்றில் நின்றது. கிலோ என்றால் இரண்டு ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. யாரும் கேட்காத மூன்று ராத்தலையும் சேர்த்து இத்தனை நாள் இழுத்திருக்கிறேன்! சந்தோஷம் தாங்கவில்லை.

"இது ரொம்ப அதிகம்மா. உங்களால இழுக்க முடியாது. குறைச்சு எடுத்துட்டு வாங்க" என்றார் அவர்.

"நீங்க இழுத்துப் பாருங்க சார்" என்றேன்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறுக்க முடியவில்லை. முக்கால்வாசிக்கு மேல் நாண் வரவில்லை. நாணை அப்படியே விட்டுவிடப் பார்த்தார்.

"விடாதீங்க! அம்பில்லாம விட்டா வில்லு ஒடஞ்சிரும்!" என்று கத்தினேன்.

இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் முகம் சிவக்க நின்றார். நான் போய் நாணைப் பிடித்து, அவர் கையோடு சேர்த்து மெல்லத் தளர்த்தினேன். பிறகு வில்லை வாங்கி என் முகவாய் வரை இழுத்து, அசையாமல் நின்றேன்.

"பேரை எழுதுங்க சார். நீங்க எழுதி முடிக்கிறவரைக்கும் பிடிச்சிருக்கேன்."

அவர் வேகமாகத்தான் எழுதினார்.