பேக்கரிப் பெடியன் கோலுக்கு நிற்கலாமா?

உயர்தரத்தில் நான் படித்தது தொழிற்கல்விப் பிரிவில். புதன்கிழமைகளில் ஊர்காவற்றுறையில் ஒரு பேக்கரியில் பயிற்சி. வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மாக் குழைப்பேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளரும் நான்தான். இந்த இரண்டுக்கும் ஒத்துவராது என்பது வலயப் போட்டியின் இறுதியாட்டத்தன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

ஆட்டம் தொடங்க முதல், எதிரணியின் விளையாட்டு ஆசிரியர் போட்டி அதிகாரியிடம் போனார்.

"உந்தப் பெடியன் மாணவன் இல்லை. பேக்கரியிலை வேலை செய்யிறவன். அவனை விளையாட விட ஏலாது."

பயிற்சி நாளும் பள்ளிக்கூட நாள்தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார் எங்கள் அதிபர். அதிகாரி தலையைச் சொறிந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கியல்காரன் கணக்குப் பார்த்தால் படிப்பு, நான் மாக் குழைத்தால் கூலி வேலையா? அந்த வருடத்தோடு எனக்குப் பள்ளிக்கூட ஆட்டமே முடிகிறது. எனக்குப் பதிலாக நிற்க இருந்தவனோ பந்து வந்தால் கண்ணை மூடுகிறவன். அவன் அதற்குள் பயத்தில் வேலியோரம் சத்தியெடுக்கப் போய்விட்டான்.

"நீங்கள் நேரிலை கண்டனீங்களோ?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம், கண்டனான். போன புதன்கிழமையும் தொப்பியோடை நிண்டு எனக்குக் கிறீம் பணிஸ் சுத்தித் தந்தவன்."

அந்த ஆசிரியருக்குச் சலரோகம், இனிப்பே தொடக்கூடாது. அது எங்கள் பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரியும். அவருடைய மனைவிதான் எங்கள் விஞ்ஞான ரீச்சர். சலரோகம் பற்றிப் படிப்பிக்கும்போது அவர் உதாரணத்துக்கு வேறு ஆளைத் தேடுவதில்லை. அந்த நேரம் ரீச்சர் பக்கத்தில் நின்று எங்கள் அணிக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது.

"எத்தினை பணிஸ்?" ரீச்சர் கேட்டது அவரை அல்ல, என்னை.

"மூண்டு, ரீச்சர். ஒண்டை அங்கையே சாப்பிட்டவர்."

ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"நான் கண்டது வேறை பெடியன். இவன் கண்டதும் வேறை ஆள்."

முறைப்பாடு அந்த இடத்திலேயே முடிந்தது. அதிபர் சொன்ன சட்டத்தை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கென்ன, கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவ்வளவு சந்தோசம்.

கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஒரு பந்து ஆறுதலாக உருண்டு வந்தது. சின்னப் பிள்ளைகூடப் பிடித்திருக்கும். நான் குனிந்தேன். அது என் இரண்டு காலுக்கும் நடுவால் உள்ளே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கைகுலுக்க வரிசையில் நின்றபோது, அந்த ஆசிரியர் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

"தம்பி," என்றார், "உம்மை விளையாட விட்டது நல்லதாப் போச்சு."