நாலாவது கிண்ணம்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் சிதம்பரத்தில் நடந்தது. தங்கை அங்கேதான் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள், அவள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடு தூரம். புகை ஆகாது, தலைக்குத் தண்ணீர் ஆகாது, கொஞ்ச நாளைக்கு டிவியும் வேண்டாம் என்றார் டாக்டர். முதல் இரண்டுக்கும் அம்மா தலையாட்டினாள். மூன்றாவதைக் கேட்டதும் அவரை முறைத்தாள் பாருங்கள், ஒரு கண்ணில் கட்டு இருந்தும் மனிதர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

சாயங்காலம் முழுக்க சீரியல் பார்த்துப் பழகிய ஆள். கறுப்புக் கண்ணாடியோடு சும்மா உட்கார வைத்தால் யார் தாங்குவது? இரண்டாம் நாளே தங்கை கடலூர் முதுநகரில் அப்பாவோடு வீட்டில் இருந்த எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, வேற வழி தெரியல. நம்ம கதையச் சொல்ல ஆரம்பிச்சிட்டேன்."

போனை எடுத்துக்கொண்டு அப்பா காதில் விழாத இடத்துக்கு ஓடினேன்.

நம்ம கதை என்பது நாங்கள் இருவரும் சேர்ந்து படிக்கிற ஒரு மங்கா. ஜப்பான் படக்கதை, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்காக வருகிற வகைக்கு ஷோஜோ என்று பெயர். நான் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், நாற்பதை நெருங்குகிறேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆமாம், ரொம்பத் தேவை. தங்கை டேப்லட்டில் படித்துவிட்டு எனக்கு அனுப்புவாள். இரண்டு பேரும் போனில் அந்தக் கதையில் வருகிறவர்களைப் பற்றி வம்பு பேசுவோம்.

ஆனால் அந்த ஷோஜோக்காரர்களை நம்பவே கூடாது. அட்டையில் பூவாக உதிர்த்துவிட்டு, காதல் கதை என்று உள்ளே இழுத்து, எழவு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். எந்தத் தொடரை எடுத்தாலும் யாரோ ஒருவர் செத்திருப்பார், அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் தொடரும் அப்படித்தான். கடலோரத்து ஊர். கதாநாயகியின் அண்ணன் சின்ன வயதில் கடலில் போய்விட்டான். அன்றைக்கு அவனோடு இருந்த நண்பன்தான் இப்போது நெடுநெடுவென்று வளர்ந்து அவள் பின்னால் சுற்றுகிறான். செத்த அண்ணனோ பையனாகவே வீட்டுக்குள் திரிகிறான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வீட்டில் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவன் பேரை யாரும் எடுப்பதில்லை. எனக்கு மூத்தவன். அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது மூளைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அப்போது எனக்கு ஐந்து வயது, தங்கை அம்மா வயிற்றில். அதற்குப் பிறகு தங்கை பிறக்கிற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துபோன அப்பா அவன் போட்டோக்களையெல்லாம் எடுத்துச் சேத்தியாத்தோப்பில் சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் அவன் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்களும் எடுத்ததில்லை. பேச்செடுத்தால் அம்மா மறுபடியும் பேசாமல் போய்விடுவாளோ என்ற பயம் முப்பது வருடத்துக்கு மேலாகியும் எங்களை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட அம்மாவிடம் போயும் போயும் இந்தக் கதையையா சொல்வது?

"அறிவிருக்காடி ஒனக்கு?" என்றேன்.

"அண்ணனத் தூக்கிட்டேன்க்கா. அவன் இல்லாமதான் சொல்றேன்" என்றாள்.

சனிக்கிழமை பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரம் போனபோதுதான் அந்தக் கூத்தை நேரில் பார்த்தேன். அம்மா கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். கதாநாயகி கண்ணழகி, பையன் நெட்டையன், கண்ணழகியின் அம்மா உம்மணாமூஞ்சி. தங்கை ஆளுக்கொரு குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நெட்டையன் அச்சு அசலாகக் கடலூர்ப் பையன் மாதிரியே பேசினான்.

"இவ்ளோ நல்ல பையன், அவ ஏண்டி அவன்கூட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கறா?" என்று கேட்டாள் அம்மா.

தங்கை என்னைப் பார்த்தாள். செத்த அண்ணனை எடுத்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

"அது வந்தும்மா, அவ கொடைய வாங்கிட்டுப் போனவன் திருப்பியே தரல."

"ஒரு கொடைக்கா இந்த அழுவ அழுவுறா?"

"அது ஒசத்தியான கொடைம்மா" என்றேன் நான், என் பங்குக்கு.

அம்மா கறுப்புக் கண்ணாடியை எங்கள் இருவர் பக்கமும் மாறி மாறித் திருப்பினாள். கடற்கரைத் திருவிழாவுக்குக் கண்ணழகி ஏன் போகவில்லை என்று கேட்டாள். அவளுக்குச் சளி என்றாள் தங்கை. போன திருவிழாவுக்கும் சளிதானே என்று அம்மா மடக்கினாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பின்னாலேயே அம்மாவின் குரல் வந்தது.

"யாரோ ஒரு ஆளு கொறையுதுடி இந்தக் கதையில. ஏதோ மறைக்கறீங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கண் தேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையே அம்மாவை முதுநகருக்குக் கூட்டிவந்தாள். வீட்டுக்குள் நுழைந்த அம்மா முதலில் சுவரில் பல்லி இருக்கிற இடத்தைச் சொன்னாள், அப்புறம் எனக்கு நரைத்திருப்பதைச் சொன்னாள். அப்பா காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்ப் பாறை மீன் வாங்கி வைத்திருந்தார். லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆன பிறகு அவர் தட்டாமல் செய்கிற ஒரே வேலை அதுதான். அம்மாவுக்குப் புகை ஆகாது என்பதால் பொரிக்கிற வேலை என் தலையில். அம்மா ஹாலில் இருந்தபடியே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். மொளகாத்தூள் ஜாஸ்தி போடாத, எண்ணெய காயவிடு, வால் துண்ட நல்லா மொறுமொறுன்னு எடு.

அப்புறம் தங்கையிடம் திரும்பி, "அந்தப் படத்தக் காட்டுடி. இந்தக் கண்ணால நானே பாக்கறேன்" என்றாள்.

தங்கை அண்ணன் வராத பக்கமாகத் தேடி எடுத்து நீட்டினாள். கண்ணழகி வீட்டில் சாப்பாட்டு மேசை. அப்பா, உம்மணாமூஞ்சி, கண்ணழகி. அம்மா டேப்லட்டை மூக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"மூணு பேருதான இருக்கறாங்க, நாலு கிண்ணம் இருக்குது?"

"விருந்தாளி வராங்கம்மா."

"விருந்தாளிக்கு நல்ல கிண்ணமா எடுத்து வைப்பாங்க. இது வீட்டுக் கிண்ணம். ஓரம் ஒடஞ்சிருக்குது பாரு." விரலால் படத்தைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் பக்கம் நகர்ந்துவிட்டது. அங்கே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான் அந்தப் பையன், அரை டிராயரோடு, பாதி உடம்பு தெரிந்தும் தெரியாமலும்.

நான் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றேன். அப்பா முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்திருந்தார், அது அசையவே இல்லை. போச்சு, அம்மா மறுபடியும் வாயை மூடிக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"இவந்தானா?" என்றாள் அம்மா. "இவனத்தான் ஒளிச்சி வச்சிக் கத சொன்னீங்களா?"

"ஆமாம்மா" என்றாள் தங்கை.

"பாவம்டி அந்த உம்மணாமூஞ்சி. தெரியாம நானு அவள எவ்ளோ திட்டிட்டேன்." அம்மா டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ எத்தன துண்டு பொரிச்ச?"

"ஒம்போது."

"நாம எத்தன பேரு?"

"நாலு. தலைக்கு ரெண்டு, மேல ஒண்ணு. எப்பவும் அப்பிடித்தானேம்மா பொரிப்ப?"

"மேல ஒண்ணு யாருக்கு?"

கணக்கு டீச்சர் நான், அந்தக் கணக்கை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் மீன் பொரித்தால் வால் துண்டு ஒன்று எப்போதும் அதிகம் இருக்கும். அதற்காக நானும் தங்கையும் அடித்துக்கொள்வோம். சின்ன வயதில் முடியைப் பிடித்து, வளர்ந்த பிறகு வாயால். அம்மா கணக்குத் தப்பிப் பொரித்துவிடுகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அவனுக்கு வாலுதான் உயிரு" என்றாள் அம்மா. "ஒரு நாளு சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டான். தெருப் பூனை ரெண்டு பின்னாலயே போயி கிளாஸ் வாசல்ல ஒக்காந்துக்கிச்சி. வாத்தியார் வெரட்டறாரு, போவ மாட்டேங்குதுங்க. ஊரே சிரிச்சிது." அம்மாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைத் தொடாதே என்று தங்கை பதறினாள். அம்மா தொடாமலேயே சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. அம்மா பேசிக்கொண்டிருந்தாள், நிறுத்தவே இல்லை.

"மூணு பூனை" என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா பேப்பரை இறக்கினார். "ஒண்ணு குட்டி. நாந்தான போயி அவனக் கூட்டிட்டு வந்தேன்." பேப்பரை மடித்துக்கொண்டே, "போட்டோல்லாம் தம்பி வீட்லதான் இருக்குது. நாளைக்குச் சேத்தியாத்தோப்பு போயி எடுத்தாறேன்" என்றார்.

அதற்குள் மீன் கருகுகிற வாசனை வர, நான் உள்ளே ஓடினேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். தலைக்கு இரண்டாகத் துண்டுகள் தீர்ந்தன. நடுத்தட்டில் வால் துண்டு மட்டும் கிடந்தது. நானும் அதைத் தொடவில்லை, தங்கையும் தொடவில்லை. யாருடையது என்று தெரிந்த பிறகு எப்படி எடுப்பது?

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாடி ரெண்டு பேரும் சாமியாராட்டம் ஒக்காந்திருக்கீங்க? அடிச்சிக்குங்க! அதப் பாக்கத்தான வருஷக்கணக்கா பொரிக்கறேன். அவன் இருந்திருந்தா ஒங்க ரெண்டு பேத்துக்கும் ஒரு முள்ளுகூடக் குடுத்திருக்க மாட்டான்."

தங்கை கை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எனக்குத்தான், நான்தான் பொரித்தேன் என்று நான் கத்த, ஊரிலிருந்து வந்தவள் நான் என்று அவள் கத்த, இடையில் எங்கிருந்தோ ஒரு கை வந்தது. இத்தனை வருடத்தில் அந்தத் துண்டை ஏறெடுத்தும் பார்க்காத அப்பா, அதை லபக்கென்று எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பிடியே அவந்தான்" என்றாள் அம்மா.