ஹாஜி முக்தாரின் எண்ணெயும் சிஹாமின் மூக்கும்

ஸ்பாக்ஸ் நகரத்தில் ஒருவனைப் பார்த்து உன் வீடு குடிசை என்று சொல்லலாம், உன் மகன் மண்டு என்றுகூடச் சொல்லலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவான். அவன் எண்ணெயைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. இங்கே வீட்டுக்கு வீடு ஓர் ஆலிவ் தோப்பு, இல்லாவிட்டால் தோப்பு வைத்திருக்கும் ஒரு மாமா. ஒவ்வொரு தோப்பின் எண்ணெயும் உலகத்திலேயே முதல் தரம். அத்தனை முதல் தரமும் ஒரே ஊரில் எப்படி வந்து குவிந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்பதே ஹாஜி முக்தாரின் ஒரே மகள் சிஹாமுக்குப் பிழைப்பாக வந்து வாய்த்தது.

ஆசைப்பட்டு அவள் வேதியியலுக்குப் போகவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை, மருந்தியல் மயிரிழையில் தவறியது, அரசாங்கக் கணினி அவளைத் தூக்கி வேதியியலில் போட்டது. கொஞ்ச காலம் ஹாஜி முக்தார் காப்பிக் கடைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "பார்மஸிக்கு அடுத்த வாசல்தான்" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

தெருக்காரர்களுக்கோ வேதியியல் என்றால் கறை போக்குவது. சட்டை, மேசைவிரிப்பு, ஒருமுறை முழுக் கம்பளம் வரைக்கும் வாசலில் வந்து இறங்கின. "இத்தனை வருசம் படிச்சு ஒரு மாதுளங்கறை போக்கத் தெரியலியே, இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று பக்கத்து வீட்டம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள். ஆனால் அதற்குள் சிஹாம் அந்தப் படிப்பின்மேல் பைத்தியமாகியிருந்தாள். குடுவையில் கடைசிச் சொட்டு விழுந்ததும் நிறமில்லாத நீர் ரோஜா நிறமாகிறதே, அது அமைச்சர் வந்து நின்றாலும் அதே சொட்டில்தான் மாறும். யார் கேட்டாலும் ஒரே பதில் சொல்கிற ஒன்றை அவள் அதற்குமுன் வீட்டிலோ வெளியிலோ பார்த்ததில்லை.

பட்டம் வாங்கியவுடன் யாரும் வேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. முதலில் கடற்கரை விடுதி ஒன்றில் நீச்சல்குளத்துக்கு மருந்து போடுகிற வேலை. குளத்தில் பாசி பிடிக்க, மேலாளர் அவசரப்பட்டு, செம்பு கலந்த மயில்துத்தத்தை அள்ளிக் கொட்டச் சொன்னார். மறுநாள் ஒரு ஜெர்மன் சீமாட்டியின் பொன்னிறக் கூந்தல் கீரைப் பச்சையாகக் குளத்திலிருந்து எழுந்து வந்தது. "பயப்படாதீங்க, வெறும் செம்புதான்" என்று சிஹாம் ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலுக்காகவே வேலை போனது. அடுத்தது மிளகாய் விழுது ஆலையில் புளிப்பும் ஈரமும் அளக்கும் வேலை. மாலைதோறும் கண் சிவந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த மகளைப் பார்த்து அவள் அம்மா சல்ஹா, "யாரு அவன்? பேரச் சொல்லு, நான் போயி அவங்க உம்மாகிட்ட பேசறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மிளகாய்தான் என்று சொன்னதை அவள் கடைசிவரை நம்பவில்லை.

அப்புறம்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் இடம் கிடைத்தது. ஏற்றுமதிக்குப் போகிற எண்ணெயைத் தரம் பிரிக்கிற இடம். கருவியோடு மூக்கும் நாக்கும் அங்கே வேலை செய்ய வேண்டும். நிறத்தைப் பார்த்து மயங்காமலிருக்க நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் வரும். உறிஞ்சிப் பார்த்து, வாயிலிருக்கும் ருசி போக ஆப்பிள் துண்டு தின்று, அடுத்ததை எடுக்க வேண்டும். கிண்ணத்தில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. அறுவடை முடியும்வரை சோதனைக் காலம், தேறினால் நிரந்தரம். ஒரு பொய்த் தரம் எழுதினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று தலைவி மேடம் ஃபௌஸியா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

குளிர்காலத்தின் நடுவில் ஒருநாள் சிஹாம் ஒரு கிண்ணத்தின் மூடியை எடுத்தாள். வாயில் எச்சில் ஊறியது. பார்லி ரொட்டி ஞாபகம் வந்தது, தங்கள் வீட்டுச் சமையலறை வந்தது, ரொட்டியைப் பிய்த்துத் தோய்க்கிற வாப்பாவின் கை வந்தது. அப்புறம்தான் அது யார் வீட்டு எண்ணெய் என்று உறைத்தது. ஹாஜி முக்தார் காயைப் பறித்தவுடன் ஆட்ட மாட்டார். கொட்டகையில் குவித்துப் போட்டு, "வேர்க்கட்டும், வேர்த்தாத்தான் உள்ள எண்ணெய் ஊறும்" என்று வாரக்கணக்கில் காவல் காப்பார். காய் அடியில் புழுங்கிக் கெடும். கெட்ட அந்த வாடையைத்தான் அந்த வீடு தலைமுறையாக மணம் என்று கொண்டாடி வந்தது.

கிண்ணத்தோடு மேடத்தின் அறைக்கு ஓடினாள். "மேடம், இத நான் பாக்கக்கூடாது. எங்க வீட்டு எண்ணெய்."

"பேரு ஒட்டியிருக்கா?"

"இல்ல. வாசனை."

மேடம் ஃபௌஸியா கிண்ணத்தை வாங்கி முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். "இதத் தின்னா வளந்தே? சரி, நானும் பாக்கறேன். நீ மொதல்ல எழுது."

சிஹாம் எழுதினாள்: புழுங்கிய வாடை, கடுமை. உண்ணத் தகாதது, விளக்கெரிக்கும் தரம். மேடம் தனியாகப் பார்த்து அதையே எழுதினாள். அமிலத்தை அளந்த கருவியும் அதையேதான் சொன்னது.

முடிவு கைக்கு வந்த அன்று இரவு, சாப்பாட்டில் கையே வைக்காமல் ஹாஜி முக்தார் இடியாக இடித்தார். "விளக்கெரிக்கணுமாம்! என் எண்ணெய! எந்தக் கழுதைடா அங்க உக்காந்து மூக்க நீட்டுது?"

சிஹாம் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள்.

"மறுபடி பாக்கணும்னு எழுதிக் குடுத்துட்டேன்," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "நீ உள்ளதான இருக்கே. அந்தக் கழுதை கைக்குப் போகாம நீயே பாரு. பெத்தவனுக்கு இதுகூடச் செய்யலேன்னா அவ்வளவு படிச்சு என்ன?"

சல்ஹா மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். இந்தத் தடவை யார் பெயரையும் கேட்கவில்லை.

மறுபரிசோதனைக்கு ஹாஜி முக்தார் தொழுகைக்குப் போகிற வெள்ளை அங்கியோடு வந்து இறங்கினார். மேடம் ஃபௌஸியா மரியாதையாக உட்காரவைத்து இரண்டு நீலக் கிண்ணங்களை நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க ஹாஜி, எது ஒசத்தி?"

முதல் கிண்ணம் அந்த ஆண்டின் மிகச் சிறந்த எண்ணெய்; நல்ல புது ஆலிவ் எண்ணெய் தொண்டையில் காரத்தான் செய்யும். அவர் உறிஞ்சினார், புரையேறினார், மேசையைத் தட்டினார். "இதென்ன, மிளகாய அரைச்சு ஊத்தியிருக்கீங்களா? தொண்டைய அறுக்குது!" இரண்டாவதை உறிஞ்சியதும் கண்ணை மூடிக்கொண்டார். "ஆ... இது எண்ணெய். எங்க வாப்பா காலத்து எண்ணெய். இதுக்கு மொதத் தரம் குடுக்காதவன் மனுசனே இல்ல."

"அது உங்களோடதுதான்."

"பாத்தீங்களா!"

"விளக்குக்குன்னு எழுதினதும் அதத்தான்."

"எழுதின கழுதையக் கூப்பிடுங்க இப்பவே!"

ஆப்பிள் தட்டோடு நின்றிருந்த சிஹாம் தட்டைக் கீழே வைத்தாள். "கழுதை இங்கதான் நிக்குது வாப்பா."

ஹாஜி முக்தார் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு, கோபத்தைவிடக் கெஞ்சலாக, தப்பிக்க அவளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். "நம்மளோடதுன்னு தெரியாம எழுதிட்டே. அப்படித்தானே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், வீட்டில் அமைதி. சிஹாம் தலையை ஆட்டவில்லை. "தெரிஞ்சுதான் எழுதினேன். மூடியத் தொறந்ததுமே எச்சி ஊறிச்சு."

"எச்சி ஊறினா நல்ல எண்ணெய்னுதானே அர்த்தம்?"

"எனக்கு அதுக்குமேல எண்ணெயே கிடையாது வாப்பா. ஆனா அது நல்ல எண்ணெய் இல்ல."

அவர் எழுந்து அங்கியை உதறிக்கொண்டு போய்விட்டார். எண்ணெயைச் சோப்புக்காரன் வாங்கிப்போனான். அறுவடை முடிந்ததும் சிஹாமுக்கு வேலை நிரந்தரமானது. அதைச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு ஹாஜி முக்தார், "சல்ஹா, அந்த ஆபீஸரம்மாவ உப்பத் தள்ளச் சொல்லு" என்பார். ஒவ்வொரு உப்புக்கும் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த மாத முடிவில் ஆலைக்கார லமீன் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தான். சமையலறையில் சிஹாமுக்கு எல்லாம் கேட்டது.

"ஹாஜி, நம்ம சரக்கு ஒங்க மக கைக்குத்தான் வருதாம். ஒரு வார்த்தை சொல்லி வையுங்க."

"என் மககிட்டயா?" ஹாஜி முக்தார் பெட்டியை அவன் மடியிலேயே திருப்பி வைத்தார். "நான் பெத்த அப்பன். என் எண்ணெய, என்னோடதுன்னு தெரிஞ்சே, மூஞ்சிக்கு நேரா விளக்குக்குன்னு சொன்னவ அவ. எனக்கே வளையாதவ ஒன் பேரீச்சம்பழத்துக்கா வளைவா? எந்திரிச்சுப் போய்யா!"

கதவைச் சாத்திவிட்டு அவர் அங்கேயே நின்றார். பிறகு அம்மாவை நடுவில் வைக்காமல் கூப்பிட்டார். "சிஹாம்! காயப் பறிச்சா எப்போ ஆட்டணும்?"

"அன்னிக்கே வாப்பா."

"அன்னிக்கேவா? அறுவடை சமயத்துல ஆலையில அன்னிக்கே இடம் எவன் குடுப்பான், ஒன் பேராசிரியரா?"

வீடே அதிரக் கத்தினார். அத்தனை நாளுக்கு அப்புறம் மகளிடம் நேராகப் போட்ட முதல் சத்தம். சந்தோஷத்தில் சிஹாம் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.