காற்று போகும் பக்கம்

ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் தெருவில் முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு போவாள். அந்தப் புகை பட்டால் கண் எரியும், துணியில் நாற்றம் பிடித்துக்கொள்ளும்.

கடல் தாண்டி வளைகுடாவில் ஓர் அணு உலை வெடித்துவிட்டது, விஷ மழை வருகிறது, நனையாதீர்கள் என்று எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்த அன்று சாயங்காலம் மேகம் கட்டியிருந்தது. கொட்டகையில் பருப்பு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் எடுக்கிறேன். மற்ற நாளில் பிள்ளையின் மார்க்கைத் தவிர எதையும் கேட்காதவர்கள்.

"மழைத்தண்ணி பிடிக்கலாமா டீச்சர்?"

வறுக்கும் அடுப்பைக் காட்டியே சொன்னேன். உலை எரிந்தால் கண்ணுக்குத் தெரியாத தூசு சூட்டோடு மேலே ஏறும். கனமானது பக்கத்திலேயே விழும். லேசானது காற்றோடு பல நாள் போகும். போகப் போகப் பரவி நீர்த்துவிடும். வழியில் மழை பிடித்தால் அங்கேயே கழுவி இறக்கிவிடும்; அதனால் ஓர் ஊரில் நிறைய விழும், அடுத்த ஊர் தப்பிக்கும். யாருக்கும் புரியாது என்று தெரிந்தும் அந்தத் தூசில் சீசியம் இருக்கும் என்றேன். தலையாட்டினார்கள்.

போனில் காற்று வரைபடத்தைத் திறந்தேன். அங்கே காற்று வடக்கிலிருந்து தெற்கே வீசிக்கொண்டிருந்தது.

"இங்கிட்டு வராது. தாராளமா பிடிங்க."

எல்லோருக்கும் உயிர் வந்தது. ஒருத்தி குடத்தை எடுக்கப் போனாள். கொட்டகைக்கு அடுத்த வீட்டுக்காரி மட்டும் நின்றாள்.

"இங்கிட்டு வரலேன்னா எங்கிட்டு போகும் டீச்சர்?"

வரைபடத்தில் அம்புக்குறிகள் வளைகுடாவின் தென்கரையைத் தொட்டு நின்றன. என் வீட்டுக்காரர் கட்டட வேலை பார்க்கும் ஊர் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அதுவரை அது எனக்கு ஒரு பாடமாக மட்டுமே இருந்தது. அவரைப் போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் கொட்டகைக்கு வெளியே குடங்களை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பருப்பு உடைத்தார்கள்.

ஒருவழியாக அவரே கூப்பிட்டார்.

"ஏன் இத்தனை மிஸ்டு கால்? சாரத்து மேல நின்னேன்."

"உள்ள போயி கதவு சன்னலெல்லாம் சாத்திக்கிருங்க."

பின்னால் காற்று போனில் இரைந்தது. அவர் சிரித்தார்.

"கட்டடமே இன்னும் பாதிதான் நிக்கிது. எதைச் சாத்துறது?"

மறுநாள் அந்தச் செய்தி பொய் என்று தெரிந்தது. பெண்கள் அதை அழித்துவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். நான் சொன்ன பாடத்தில் எதுவும் தப்பில்லை. காற்று அவர் இருக்கும் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. இன்று காலையும் பார்த்தேன், அங்கேதான் வீசுகிறது.