கோட்டக்குப்பத்தில் கிடைத்த உள்ளங்கைத் துப்பாக்கி

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் புடவை வைக்க இடம் கிடையாது. பந்தயங்களைத் தொடங்கி வைக்கும் சாமான்கள் அங்கே இருக்கின்றன. பதினேழு விசில்கள், பலகையோடு பலகை மோதிச் சத்தம் எழுப்பும் மரக் கிளாப்பர்கள் நான்கு, சாயம் போன கொடிகள், வெறும் வெடிச்சத்தம் மட்டும் போடும் ஸ்டார்ட்டிங் துப்பாக்கிகள் மூன்று. நான் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விளையாட்டு அறையைச் சுத்தம் செய்தபோது குப்பைக்குப் போகவிருந்த ஒரு கிளாப்பரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அது எத்தனை ஓட்டத்தைத் தொடங்கி வைத்திருக்கும் என்று யோசித்ததில் ஆரம்பித்த பழக்கம் இது.

என்னிடம் இருந்த மூன்று துப்பாக்கிகளும் நீளமானவை, சினிமாவில் வருவதுபோல. உள்ளங்கைக்குள் அடங்குகிற சிறிய ரகம் ஒன்று உண்டு என்பதே எனக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் தெரிந்தது. என்னைப்போலப் பழைய விளையாட்டுச் சாமான் சேர்க்கிறவர்களின் குழு அது. வெளிநாட்டில் கொஞ்ச காலம் மட்டும் செய்து நிறுத்திவிட்ட ரகம், இந்தப் பக்கம் கிடைப்பது கஷ்டம் என்றார் ஒருவர். அவரே ஒன்றைத்தான் பார்த்திருக்கிறாராம், அதுவும் உடைந்தது. இரண்டு வருஷம் தேடினேன். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு விற்கிறவர்கள் தூரத்தில் என்னைப் பார்த்ததுமே இல்லை என்று கையை ஆட்டும் அளவுக்குப் போய்விட்டது.

போன வருஷம் திண்டிவனத்தில் வேறொரு பள்ளியில் வேலை செய்யும் தோழி ஒரு படம் அனுப்பினாள். அவள் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். பழைய தேக்குக் கதவு வாங்கக் கோட்டக்குப்பத்தில் இடிக்கப்போகும் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஜன்னல் கட்டை மேல் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் அந்துருண்டைகளுக்கு நடுவே அந்தத் துப்பாக்கி. 'இது உன் சாமானா பாரு' என்று மட்டும் எழுதியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை காலையில் நான் அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மகன் துபாயில் இருக்கிறார், அவர்தான் வீட்டை இடித்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். பாதிச் சாமான் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டின்னைத் திறந்து, அதை என் கையில் வைத்தார். சின்னதாக இருந்தாலும் நல்ல கனம். நிக்கல் பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது. குழாய் என் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை, வாய் இரும்பால் அடைத்திருந்தது. புகை போக மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. நான் தேடியதேதான்.

அவருடைய அத்தா, அதாவது அப்பா, பாண்டிச்சேரியில் ஒரு விளையாட்டு கிளப்பில் மைதானம் பார்த்துக்கொண்டிருந்தவராம். கிளப்பை மூடியபோது கொடுத்த சாமான்களில் இதுவும் ஒன்று, கூடவே சத்தத்துக்காக உள்ளே போடும் வெடிக் குப்பிகள் ஒரு டப்பா. எந்தெந்தப் பந்தயத்துக்கு இதை வைத்துச் சுட்டார்கள் என்று ஆர்வமாகக் கேட்டேன். கடற்கரைச் சாலையில் சைக்கிள் ரேஸ் நடந்ததாக அத்தா சொல்வார், அதெல்லாம் தான் பார்த்ததில்லை என்றார்.

"எங்களுக்கு இது நோன்பு தொறக்குற துப்பாக்கி, டீச்சர்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். சாயங்காலமானால் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கரண்ட் இல்லாவிட்டால் பள்ளிவாசல் மைக் பேசாது. கடலோரம் இருந்த அவர்கள் தெருவுக்கு வெறும் குரல் எட்டாது. நோன்பு மாதத்தில் அத்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பார். நேரம் வந்ததும் ஒரே ஒரு வெடி. தெருவே நோன்பு திறக்கும். குழந்தைகள் கஞ்சிக் கிண்ணத்தோடு கீழே நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

நான் பந்தயக்காரி. உடனே எனக்குத் தோன்றிய கேள்வி, அவர் எப்போதாவது முந்திச் சுட்டுவிட்டாரா என்பதுதான்.

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒரு வாட்டி கடியாரம் வேகமா ஓடிப்போச்சு. ரெண்டு நிமிசம் முன்னாடியே சுட்டுட்டாரு. பெருநாள் முடிஞ்சி தெருவே அந்த ஒரு நோன்ப மறுபடி புடிச்சுது. அத்தா வெக்கப்பட்டுக்கினு வெளியவே வர்ல."

எங்கள் பாஷையில் அதற்கு ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று பெயர். ஓட்டக்காரிகளைத் திரும்ப அழைத்து மறுபடி கோட்டில் நிற்கவைப்போம். ஒரு தெரு முழுவதும் மறுபடி கோட்டில் நின்றதை நான் கேள்விப்பட்டதில்லை.

குப்பிகள் தீர்ந்ததோடு அந்த வழக்கமும் நின்றுவிட்டது. மகனுக்கு இதில் ஆசையில்லை, பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கப் பயம். ஆசைப்பட்டுக் கேட்கிறவர் கையில் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார். ஒரு துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மரக்காணம் வழியாகத் திரும்பலாம் என்று ஈ.சி.ஆரில் பஸ் ஏறினேன்.

பாண்டிச்சேரியிலிருந்து சாராயம் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் சாவடி அந்தச் சாலையில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் பையில் பாட்டில் இல்லையே என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண் காவலர் ஒருவர் ஏறி ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பையைத் தொட்டதும் கை நின்றது.

"இன்னாம்மா இது, இரும்பு மாதிரி?"

"ஸ்டார்ட்டிங் துப்பாக்கிங்க. ஓட்டப்பந்தயத்துக்கு..."

துப்பாக்கி என்ற சொல்லுக்குப் பிறகு நான் சொன்ன எதையும் பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து பின்னால் போய்விட்டாள். நான் இறங்கியதும் பஸ் கிளம்பிவிட்டது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். பள்ளி அடையாள அட்டையைப் பார்த்தார். என் போனிலிருந்த மற்ற மூன்று துப்பாக்கிகளின் படங்களைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் அது புத்திசாலித்தனமா என்று தோன்றியது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு, கோட்டக்குப்பத்துக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் அந்தம்மா மருமகளின் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நோன்பு, கரண்ட், மொட்டை மாடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு பேரும் சொல்றது நெசமாத்தான் இருக்கும்," என்றார் கடைசியில். "ஆனா நான் பாத்தா இது துப்பாக்கி மாதிரிதான் இருக்குது. விழுப்புரத்துல ஆயுதப்படையில பாத்து, இது ஆயுதம் இல்லன்னு எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் வந்து வாங்கிக்கினு போங்க."

அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் அன்று வீடு திரும்பும்போது, பள்ளிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, யாராவது அதை ஒரு அலமாரியில் போட்டு மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. என் கணவரிடம் இதைச் சொன்னபோது, முதலில் உன் வேலையைப் பற்றிக் கவலைப்படு என்றார்.

பதினோரு நாள் கழித்து ஆயுதப்படையிலிருந்து கூப்பிட்டார்கள். மதிய இடைவேளையில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். ஆயுதங்களைப் பழுது பார்க்கும் காவலர் என்னைவிட வயதில் சின்னவர். மேசை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, துப்பாக்கியைத் திருகு திருகாகப் பிரித்துவைத்திருந்தார். இப்படி ஒன்றைத் தானும் பார்த்ததில்லை என்றார். குழாய் கட்டியாக வார்த்தது, துளையே போடவில்லை, இதிலிருந்து ஒரு கடுகுகூட வெளியே வராது என்று காட்டினார். எனக்குப் போன உயிர் வந்தது.

பிறகு கைப்பிடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் படுகிற தேய்மானம் வலப்பக்கம் இருந்தது. "இத வச்சிருந்தவரு இடது கைக்காரருங்க," என்றார்.

அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து கோட்டக்குப்பத்துக்குப் போன் செய்து, உங்கள் அத்தா இடது கைப் பழக்கம் உள்ளவரா என்று கேட்டேன்.

"இல்லியே. எழுதுறது, மரம் வெட்டுறது எல்லாம் சோத்துக்கையாலதான்," என்றார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கையில பேரீச்சம்பழம் வச்சிருப்பாரு டீச்சர். சுட்டதும் வாயில போட்டுக்கணுமில்ல. காலையிலேர்ந்து பட்டினி கெடந்த மனுசன்."

உள்ளே போய் அந்தக் காவலரிடம் சொன்னேன். அவர் கைப்பிடியை மறுபடி ஒருமுறை பார்த்தார். இடது கையால் துப்பாக்கியை நீட்டுவதுபோலவும் வலது கையில் பழம் இருப்பதுபோலவும் ஒரு தரம் நின்று பார்த்தார், நான் இருப்பதையே மறந்துவிட்டு. பிறகு உட்கார்ந்து கடிதத்தை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

துப்பாக்கி ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்ததும் கடிதத்தைக் காட்டி அதை வாங்கினேன். கடிதம் இல்லாமல் இதை எங்கேயும் எடுத்துப் போக வேண்டாம் என்று எஸ்.ஐ. சொல்லி அனுப்பினார். மற்ற மூன்றையும் அந்த வாரமே நானாகக் கொண்டுபோய்க் காட்டி அவற்றுக்கும் எழுதி வாங்கிவிட்டேன்.

போன மாதம் கோட்டக்குப்பத்தில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். பேரப்பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று அந்தம்மா கூப்பிட்டதால், கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். இந்த அளவில் வெடிக் குப்பி இப்போது எங்குமே கிடைக்கவில்லை, அதனால் எனக்கும் தெரியாது. காய்ந்த குச்சி ஒடிவதுபோல இருக்கும் என்றார் அந்தம்மா. எதிர் வீட்டிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. லாரி டயர் வெடித்த மாதிரி இருக்கும், அந்தச் சத்தத்தில் காக்கா எல்லாம் கிளம்பிக் கடல் பக்கம் போகும் என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சாமான்களின் கதைகளைக் குறித்துவைக்கும் என் நோட்டை எடுத்து இரண்டையும் எழுதிக்கொண்டேன்.